டேர் இரண்டு கிலோ

மருத்துவமாது மஹ்மூதாவின் தராசு அன்று பார்த்துக் கண்ணை மூடிவிட்டது. தேயிலைத் தோட்டத்தின் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் எட்டுக் குழந்தைகள் நிறுவைக்குக் காத்திருந்தன.

"அதுக்கென்ன மிஸ், கொழுந்து நிறுக்கிற தராசு இருக்கே!" என்றாள் கொழுந்து பறிக்கும் விஜயகலா. பெண்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் வைத்தே விட்டார்கள்.

கொழுந்து நிறுக்கும் அஜந்தனுக்கு வியர்த்தது. மனைவி லோஜினி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, மகளை அவன்தான் தூக்கி வந்திருந்தான். கொழுந்துச் சாக்கின் எடைக்குத் தோட்டத்தில் 'டேர்' என்று பெயர். அந்த இரண்டு கிலோவை எல்லார் முன்னாலும் கழிப்பான். தோட்டத்துத் துரையிடம் நல்ல பெயர் வாங்க, இன்னொரு இரண்டு கிலோவைத் தராசுக்குள்ளேயே ரகசியமாகக் கழிய வைத்திருந்தான்.

முதலில் விஜயகலாவின் மகன். எட்டுக் கிலோ! தராசுக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று அஜந்தன் மூச்சு விட்டான்.

"ஏன் எல்லாரும் தட்டோட ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க? தள்ளி நில்லுங்க" என்றார் மிஸ்.

"பழக்கதோசம் மிஸ்" என்று விஜயகலா பின்வாங்கினாள்.

அடுத்து அஜந்தனின் மகள். ஐந்தரை.

"ஐயோ! எட்டு மாசப் பிள்ளைக்கு இது காணாதே!" என்றார் மிஸ்.

"ஸ்வெட்டரும் தொப்பியும் போட்டுப் பாப்போமா மிஸ்?" என்றான் அஜந்தன்.

"போட்டிருக்கிற சட்டையையும் கழட்டுங்க!"

ஐந்தேகால் ஆனது.

"தராசுலதான் கோளாறு மிஸ். விஜயகலா புள்ளைய இன்னொருக்கா நிறுத்துப் பாருங்க" என்றான் அவசரமாக.

ஆறு கிலோ காட்டியது.

மிஸ் அலறினார். "அந்தப் பிள்ளை கண்ணுக்கு முன்னால ரெண்டு கிலோ கொறைஞ்சிருச்சே! சரி, எட்டுப் பிள்ளையையும் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறேன். ஒங்க மகளை இன்னைக்கே வார்டுல போடணும்." ஃபோனையும் எடுத்துவிட்டார்.

மகள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தக் கையிலா ஊசி ஏற்றுவார்கள்? மானம் போனால் போகட்டும்.

"வேணாம் மிஸ்! புள்ளைங்க நல்லாத்தான் இருக்கு. தராசுக்குள்ள ரெண்டு கிலோ கள்ள டேர் இருக்கு. நான்தான் வச்சேன்!"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். விஜயகலாவின் சிரிப்புத்தான் கேட்டது.

"அது தெரிஞ்சுதானே அண்ணே நாங்க தெனமும் தட்டுல ரெண்டு கிலோவுக்குக் கால் வெரல வைக்கிறோம், எவ்வளவு அமுக்கணும்னு பழக்கிவிட்டதே ஒங்க லோஜினிதான்!"