ஓர் ஆளுக்கு ஒரு நோவு

மருத்துவச் செலவு மலைபோல் ஏறிவிட்டதால், அதை இறக்கி வைக்க ஊரின் பெரிய ஆஸ்பத்திரி ஒரு தனி அதிகாரியை நியமித்தது. அவர் மூன்று மாதம் கோப்புகளைப் புரட்டிக் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். நோயாளிகள் ஒரு நோவுக்குச் சீட்டு வாங்கி, உள்ளே போய் மூன்று நோவைச் சொல்கிறார்கள்! உடனே, "ஒரு சீட்டுக்கு ஒரு நோவு மட்டுமே பரிசீலிக்கப்படும்" என்று ஆணை பிறந்தது.

நாலாம் நாள், தையற்காரர் ஒருவர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். மனைவி தாங்கிப் பிடித்திருந்தாள்.

"என்ன பண்ணுது?" என்றார் சீட்டு எழுதுபவர்.

"நெஞ்சு வலிக்குதுங்க. இடது கையும் மரத்துப் போச்சு."

"ரெண்டு சொல்லக் கூடாது. நெஞ்சா, கையா?"

"ரெண்டும் என்னோடதுதாங்க..."

"யாரு இல்லேன்னது? கையை வேணா புதன்கிழமை கொண்டு வாங்க."

தையற்காரர் யோசித்தார். கை போனால் பிழைப்பு போகும். நெஞ்சு போனால் பிழைப்பே தேவைப்படாது.

மனைவி முந்திக்கொண்டாள். "நெஞ்சு வலி அவருக்கு. கை மரத்தது எனக்கு. ரெண்டு சீட்டு போடுங்க."

எழுதுபவர் முகம் மலர்ந்தது. "இப்படித் தெளிவா சொன்னா எங்களுக்கும் வேலை சுலபம்."

"கண்ணு இருட்டுதுடி," என்று முனகினார் தையற்காரர்.

"வாயை மூடுங்க. அதுக்கு இன்னொரு ஆள் இல்ல."

உள்ளே டாக்டரம்மா இரண்டு சீட்டையும் அருகருகே வைத்துப் படித்தார். "ரெண்டு பேரையும் சேத்துப் பாத்தா, ஒருத்தருக்கு மாரடைப்பு," என்று தையற்காரரைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார். ஆள் பிழைத்துக்கொண்டார். சீட்டு போட்ட பாவத்துக்கு மனைவியும் மூன்று நாள் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கிடந்தாள்.

சேதி பரவியது. காய்ச்சல், தலைவலி, வாந்தி மூன்றும் வந்தவர் மச்சானையும் மாமியாரையும் கூட்டிவந்தார். வாந்தி யாருக்கு என்பதில் வரிசையிலேயே சண்டை. ஒண்டிக்கட்டைகள்தான் பாவம், பல்வலியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆண்டு முடிவில், குணமானவர்களையெல்லாம் அழைத்துக் கூட்டம் போட்டார்கள். அதிகாரி தொண்டையைச் செருமி அறிக்கை வாசித்தார். "நோயாளிகள் எண்ணிக்கை இரட்டிப்பாகியும், தலைக்கு ஆகும் செலவு சரிபாதியாகக் குறைந்துள்ளது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

மண்டபம் அதிர்ந்தது. தையற்காரரும் பலமாகத் தட்டினார். மனைவி இடித்தாள்.

"நமக்கு ரெண்டு பில்லு வந்துச்சே. எதுக்குத் தட்டுறீங்க?"

"அது நம்ம செலவுடி. அவர் சொல்றது தலைக்கு ஆகுற செலவு. ரெண்டு பில்லு, ரெண்டு தலை; தலைக்கு ஒண்ணுதான். குறைஞ்சுதா இல்லியா?"

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவளும் தட்டினாள்.