போன் அடிக்காத நிக்காஹ்

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில், ஒரு பிளேன்டீயைச் சூட்டோடு முழுதாகக் குடிக்கக் கொடுத்துவைக்காத ஒரே மனிதர் எங்கள் கந்தோர் ‘கழட்டிக்கொழுவி’ காக்காதான். கோப்பை வாய்க்குப் போகுமுன் அவருடைய போன் அடித்துவிடும். மறுமுனையில் எங்களில் யாராவது ஒருவர் அழாக்குறையாக நிற்பார்.

எங்களுடையது காப்புறுதி அலுவலகம். கொம்பியூட்டர், பிரின்டர், இன்டர்நெட் எல்லாவற்றுக்கும் பொறுப்பு, எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறையான இந்தக் காக்காதான். எந்தக் கோளாறைச் சொன்னாலும் “வயரக் கழட்டிட்டுத் திரும்பக் கொழுவுங்க” என்பதுதான் அவருடைய முதல் வைத்தியம். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரின்டரைத் தடவிக்கொடுத்து, “என்ன மகன், என்ன செய்யுது?” என்று விசாரிப்பார். எங்களை அப்படி ஒரு நாளும் விசாரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பாதி வருத்தம் அந்த வைத்தியத்திலேயே சுகமாகிவிடும். மீதிப் பாதி வருத்தம் நாங்கள்தான். கெஷியர் மிஸ் பாஸ்வேர்டைக் கடதாசித் துண்டில் எழுதித் திரையிலேயே ஒட்டிவைத்திருந்தார். பரிசு விழுந்திருக்கிறது என்று எங்கிருந்து மெயில் வந்தாலும் மனேஜர் சேர் திறந்து பார்ப்பார். திறக்காவிட்டால் அனுப்பியவர் மனம் நோவாராம். ஒரு முறை யாரோ யூபிஎஸ்ஸில் கேத்தலைக் கொழுவி, தண்ணீர் கொதிக்குமுன் கந்தோர் முழுவதையும் இருட்டாக்கினார்கள். காக்கா சத்தம் போடவில்லை. கேத்தலைத் தூக்கித் தன் மேசையில் வைத்து, இவருக்கு இனி லொகின் இல்லை என்று எழுதி ஒட்டிவிட்டார்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும், மூத்த மகளுடைய நிக்காஹ் மட்டும் நடுவில் வராதிருந்தால். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி, மௌலவி சொல்லிக்கொடுக்கும் வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லி, காக்கா மகளை ஒப்படைக்கிற நேரம். போன் அடித்தது. ரசீது பிரின்ட் ஆகவில்லை என்று கெஷியர் மிஸ். அடிக்கிற போனை எடுக்காமல் விடக் காக்காவுக்குத் தெரியாது. வலது கை மாப்பிள்ளையின் கையில், இடது கையில் போன்.

“கழட்டிட்டுத் திரும்பக் கொழுவுங்க,” என்றார்.

ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, பிடித்திருந்த கையை விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்தார்.

சபை சிரித்து ஓய்ந்த பிறகு மௌலவி முதலிலிருந்து தொடங்கினார். பெண்கள் பக்கத்தில் காக்காவின் மனைவி சிரிக்கவில்லை. கலியாண வீடியோவில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது. மூத்த மகள் இன்றுவரை அதைப் போட்டுப் பார்த்ததில்லை.

இளைய மகளின் நிக்காஹ் ஒரு வேலை நாளில், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு என்று முடிவானது. காக்கா வெளியே போயிருந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி கந்தோருக்கு வந்தார். கதிரை போட்டுக் கொடுத்தும் உட்காரவில்லை.

“ஒங்கட வேலய நான் குற செல்லல்ல. இந்தப் புள்ளட நிக்காஹ்வுக்காவது அவர வாப்பாவா இரிக்க உடுங்க,” என்றார்.

வந்த வேகத்திலேயே போய்விட்டார். காக்காவுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று அதுவரை கைக்கு மணிக்கூடா, உடுக்கச் சாரமா என்று வாதாடிக்கொண்டிருந்தோம். நிக்காஹ் அன்று அவருக்கு ஒரு போன் கோல்கூடப் போகாமல் இருந்தால் போதும், அதுதான் பரிசு என்று கெஷியர் மிஸ்தான் சொன்னார். சொன்ன கையோடு திரையில் ஒட்டியிருந்த துண்டைக் கிழித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் கந்தோரைப் பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரிந்திராது. தொழுகைக்கு எழும்புகிறவர்கள் திரையைப் பூட்டிவிட்டு எழும்பினார்கள். செய்த வேலையை உடனுக்குடன் சேமித்தார்கள். பரிசு மெயில் வந்தால் மனேஜர் சேர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு எங்களைக் கூப்பிடுவார். காக்கா எங்களைச் சந்தேகத்தோடு பார்த்தபடி நடமாடினார்.

நிக்காஹ் அன்று சாய்ந்தமருது ஊரில், சபையில் காக்காவுக்கு நேர் பின்னால் நான் இருந்தேன். போனை நிறுத்திவிட்டதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். ஆனால் சட்டைப் பையில் அதன் வெளிச்சம் தெரிந்தது. மாப்பிள்ளையின் கையை அவர் பிடித்த நேரம், என் போனுக்குக் கெஷியர் மிஸ்ஸின் செய்தி வந்தது. “பிரின்டர் நிண்டிட்டு. ஆக்கள் வரிசையில நிக்கிறாங்க.” போனை மடிக்குள் மறைத்தேன். அந்த மனிசனுக்கு எப்படித்தான் மணம் பிடித்ததோ, திரும்பிப் பார்த்து, “கந்தோர்ல ஏதும் கரச்சலா?” என்றார்.

“ஒண்டுமில்ல காக்கா. நீங்க சொல்லுங்க,” என்றேன்.

அடுத்த செய்தி வந்தது. “கழட்டிக் கொழுவின. ஓடுது, அல்ஹம்துலில்லாஹ்.”

காக்கா சொல்லவேண்டியதை ஒரு சொல் தடுக்காமல் சொல்லி முடித்தார். முடித்த பிறகும் மாப்பிள்ளையின் கையை விடவில்லை. நடுவில் எந்தப் போனும் அடிக்கவில்லை.

சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தன் போனுக்கு ஒருக்கா அடித்துப் பார்க்கச் சொன்னார். அடித்தேன். நன்றாக வேலை செய்தது. அன்றைக்குக் கந்தோரிலிருந்து வந்த கோல்களை அதில் தேடிப் பார்த்தார், ஒன்றும் இல்லை.

“அப்ப நீங்க எல்லாருமாத்தான் கந்தோரப் பாத்துக்கிட்டிரிக்கீங்க,” என்றார்.

பிளேன்டீ வந்தது. ஆவி பறக்க எடுத்து, ஊதி ஊதிக் கடைசிவரைக்கும் குடித்தார். பிறகு கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

“அடியில இவ்வளவு சீனி கிடக்குமா?”

நான் எழும்பிப் போய் அவருக்கு இன்னொரு கோப்பை எடுத்துவந்தேன்.