தொடுதிரையைத் தொடாத அலுவலகம்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் ஈடு இணையற்றவை மூன்று: நெருப்பு, சக்கரம், சுற்றறிக்கை. முதல் இரண்டும் சில சமயம் காலை வாரும். சுற்றறிக்கை பழுதானதாக இதுவரை யாரும் புகார் கொடுத்ததில்லை. கொடுத்தாலும் அதைக் கவனிக்க இன்னொரு சுற்றறிக்கை வந்துவிடும்.

அந்த அலுவலகத்தின் மேலாளர் இந்த உண்மையைக் கரைத்துக் குடித்தவர். எட்டு மாதத்துக்கு முன் தலைமையகம் ஒரு தொடுதிரை மடிக்கணினியை அனுப்பியபோது, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே சுற்றறிக்கை எண் பதினான்கை வெளியிட்டார்: "தொடுதிரையை எவரும் விரலால் தொடுதல் கூடாது." திரையோடு வந்த பிளாஸ்டிக் தாள் நான்கு குமிழிகளுடன் இன்னும் அப்படியே இருந்தது. விரலால் தடவி அம்புக்குறியை நகர்த்தும் சதுரம் தேய்ந்துவிடக் கூடாதென்று அதன் மேல் அட்டை ஒட்டி, அலுவலக முத்திரையும் குத்தியிருந்தார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்க மாட்டார்கள். வேலையெல்லாம் வயரில்லாத ஒரு மவுஸை வைத்து "நடந்துகொண்டிருந்தது". மேற்கோள் குறி மட்டும் என்னுடையது.

அன்று மாலை நான்கு மணிக்கு, திரையிலிருந்த அம்புக்குறியைக் காணவில்லை.

காணவில்லை என்றதும் பதிவு எழுத்தர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அவளுடைய இடமாறுதல் விண்ணப்பத்துக்கு அன்று ஐந்து மணிதான் கெடு. கணவனும் மூன்று வயது மகளும் எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கிறார்கள். "பாப்பா உன் போட்டோவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் தூங்குறா" என்று காலையில்கூடக் கணவன் சொன்னான். இந்தக் கெடு போனால் அடுத்தது அடுத்த வருஷம்.

விண்ணப்பம் மூன்று மாதமாக நிரப்பித் தயாராக இருந்தது. 'மேலாளர் ஒப்புதல்' என்ற கட்டத்தில் ஒரு குறி, கீழே 'அனுப்பு' என்ற பொத்தானில் ஒரு தட்டல், அவ்வளவே பாக்கி. முதல் மாதம் மேலாளருக்குக் கடவுச்சொல் மறந்தது. இரண்டாம் மாதம், கடவுச்சொல்லை எழுதி வைத்த இடம் மறந்தது. மூன்றாம் மாதம் இரண்டும் கிடைத்து, பக்கத்தைத் திறந்த நேரம் பார்த்து அம்புக்குறி கம்பி நீட்டிவிட்டது.

"உன் மாறுதலுக்கு நான் குறுக்கே நிப்பனாம்மா? கர்சர் வரட்டும், அடுத்த நிமிஷம் ஒப்புதல்" என்றார் மேலாளர், கண் கலங்காத குறையாக.

உடனே அம்புக்குறி மறைவு குறித்த உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், மேலாளர். உறுப்பினர், பக்கத்து மேஜைக் கணக்கர். குழு முதல் வேலையாகக் கணினி பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தது.

"மவுஸுக்கு அடியில லைட் எரியுதா பாருங்க" என்றது குரல்.

கணக்கர் மவுஸைத் தலைகீழாகத் திருப்பினார். எரியவில்லை.

"பேட்டரி போச்சு. புதுசு போடுங்க."

"பேட்டரி வேணும்னா இந்தக் கம்ப்யூட்டர் வழியாத்தானே விண்ணப்பிக்கணும்!" என்றார் மேலாளர்.

"நான் கீழ கடையில வாங்கிட்டு வரேன், சார்" என்று எழுத்தர் கிளம்பினாள்.

"தனியார் பேட்டரி ஆபீஸ் மவுஸுக்குள்ள போனா தணிக்கையில யாரும்மா பதில் சொல்றது?"

"சுவர்க் கடிகாரத்துல இருக்கறதை எடுத்துப் போட்டா?" என்றார் கணக்கர்.

"அஞ்சு மணி ஆச்சான்னு அப்புறம் எப்படிய்யா தெரியும்?"

தொலைபேசிக்கு மூச்சு வாங்கியது. "சரி, கீழ டச்பேட் இருக்குமே?"

"முத்திரை வெச்சிருக்கோம்."

"கீபோர்டுல டேப் பட்டனைத் தட்டித் தட்டிப் போங்க."

"அந்தப் பட்டனைப் பத்திச் சுற்றறிக்கையில ஒண்ணுமில்லையே. விளக்கம் கேட்டு எழுதணும்."

"ஐயோ சாமி! அது டச் ஸ்கிரீன்தானே? விரலால தொடுங்க சார், தொட்டா வேலை முடிஞ்சுது!"

"சுற்றறிக்கை பதினாலு" என்றார் மேலாளர், மெதுவாக. பழுது பார்ப்பவர் எதிர்முனையில் போனை வைத்துவிட்டார். நல்ல மனிதர், பாவம், நிர்வாகம் தெரியாது.

நாலு நாற்பது. தொட்டுவிடலாமா என்று எழுத்தருக்குக் கை துடித்தது. தொட்டால் குற்றப்பத்திரிகை, குற்றப்பத்திரிகை வந்தால் மாறுதல் ரத்து.

அப்போதுதான் மேலாளர், யோசனை ஓடாதபோதெல்லாம் செய்வதைச் செய்தார். மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை விரலில் சுற்றிக்கொண்டு திரையைத் துடைத்தார். துணி மேலே போனது. திரையிலிருந்த பக்கமும் கூடவே மேலே போனது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"சார், துடைக்கறது தொடறதா ஆகாதா?"

"என்னம்மா பேசறே? தொடறது ஆசையில. துடைக்கறது கடமையில."

"அப்போ சார்... இதோ, இந்தக் கட்டத்துக்குள்ள ஒரு தூசி இருக்கு."

"எங்கே?" மேலாளர் பதறிவிட்டார்.

"இங்க. தேய்க்காதீங்க சார், கீறல் விழும். மெல்ல ஒத்தி எடுங்க."

மேலாளர் ஒத்தினார். கட்டத்துக்குள் குறி விழுந்தது. அவளுக்கு உயிர் வந்தது. கடமை வீரர் அல்லவா, இன்னொரு தடவையும் ஒத்தினார். குறி போய்விட்டது. அவளுக்கு உயிரும் போனது.

"இன்னும் போகல சார்! ஒரே ஒரு தடவை!"

ஒத்தினார். குறி விழுந்தது. அடுத்த ஒத்தலுக்குத் துணி கிளம்பும் முன் கணக்கர் பாய்ந்தார். கால் நூற்றாண்டு சர்வீஸில் அவ்வளவு வேகமாக அவர் பாய்ந்ததை யாரும் கண்டதில்லை. "சார், அதை விடுங்க. கீழ பாருங்க, 'அனுப்பு'ன்னு இருக்கே, அது மேல பெரிய அழுக்கு!"

மேலாளர் அதையும் ஒத்தினார். திரை முழுக்கப் பச்சையானது.

"இது என்னம்மா பச்சையா வருது?"

"சுத்தமாயிடுச்சு சார்" என்றாள் எழுத்தர். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் குரல் கீச்சென்று போனது.

மணி நாலு ஐம்பத்தெட்டு. ஐந்தானதும், கெடு தவறிவிட்டதற்காக மேலாளர் அவளிடம் மனமார வருந்தினார். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்மா" என்றார். குழுவை மறுநாளைக்கு ஒத்திவைத்தார்.

பத்து நாளில் மாறுதல் ஆணை வந்தது. கூடவே, கடைசி நாளில் தம் கையாலேயே ஒப்புதல் வழங்கிய மேலாளருக்குத் தலைமையகத்தின் பாராட்டுக் கடிதமும் வந்தது. அவர் அதை மூன்று முறை படித்தார். ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத பாராட்டைத் திருப்பி அனுப்பச் சுற்றறிக்கை எதுவும் இல்லாததால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். எழுத்தர் பெட்டியைக் கட்டிக்கொண்டு மகளிடம் போய்ச் சேர்ந்தாள். கணக்கர் இப்போதெல்லாம் தினமும் நாலு மணிக்கு மேலாளர் பக்கம் போய், "சார், இங்க ஒரு தூசி" என்கிறார். கோப்புகள் பறக்கின்றன.

மேலாளரின் பணித்திறனை நாம் மறக்கலாகாது. எட்டு மாதத்தில் அந்தத் திரையில் அவர் தீர்த்துவைத்த முதல் விண்ணப்பம் அது. தூசி என்று நினைத்ததால் தீர்த்தார். ஒரு தாயின் மனு என்று நினைவிருந்திருந்தால், இன்றுவரை அதைத் தொட்டிருக்க மாட்டார்.