மெத்தை மேல் ஒரு வக்கீல் நோட்டீஸ்

வக்கீலாகி நான் முதன்முதலில் நோட்டீஸ் அனுப்பியது, என்னைக் காப்பாற்றிய ஒரு மெத்தைக்கு எதிராக. இதை வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. (கள்ளக்குறிச்சி கோர்ட் வளாகத்தில் டீ குடிக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கொஞ்சம் கூடுதலாகவே.)

அப்போது நான் திருக்கோவிலூரிலிருந்து வந்து, கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி அறையில் தங்கி, ருக்மணி மேடத்திடம் ஜூனியராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கறுப்புக் கோட்டு புதுசு. அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனால் ஊரே என்னைப் பார்ப்பதாக எனக்கு ஒரு நம்பிக்கை. பார்க்கத்தான் செய்தார்கள். வெயிலில் கோட்டு போட்டு சைக்கிள் மிதிக்கிற பெண்ணை யார்தான் பார்க்க மாட்டார்கள்?

நான் கோர்ட்டுக்குப் போகும் கடைத்தெருவில் சாலையின் ஓரமாக அப்போதுதான் வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு உள்ளே, ரோட்டின் மேலேயே, பெரிதாக ஒரு சைக்கிள் படம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் லாரிக்குப் பயப்படாமல் போய்வர. கோடு காய்வதற்குள் அதற்குள் கொய்யாப்பழ வண்டி, வாழைத்தார், பிளாஸ்டிக் குடம், நிறுத்தின பைக் எல்லாம் வந்துவிட்டன. சைக்கிளைத் தவிர எல்லாவற்றுக்கும் அது வசதியான பாதையாக இருந்தது.

அன்று காலை எனக்கு முதல் முறையாகக் கோர்ட்டில் தனியாக வாய் திறக்கும் வாய்ப்பு. பெரிய வாதம் ஒன்றும் இல்லை. "மேடத்துக்கு உடம்பு சரியில்லை, வாய்தா வேண்டும்" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நான் அதை ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்து, காலையில் சைக்கிளிலும் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். "கனம் நீதிபதி அவர்களே!" என்று இடது கையால் ஹேண்டில் பாரைப் பிடித்து, வலது கையை வானத்துக்கு நீட்டினேன்.

நீட்டிய கை இறங்குவதற்குள் முன்சக்கரம் எதிலோ மெத்தென்று புதைந்தது.

ஜமால் பாயின் மெத்தைக் கடை வாசல். வெள்ளிமலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவேண்டிய இலவம்பஞ்சு மெத்தைகளை, ஜீப்பில் ஏற்றுவதற்காக அவர் சைக்கிள் படத்தின் மேலேயே அடுக்கி வைத்திருந்தார். நான் மேல் மெத்தையில் தலைகுப்புற விழுந்தேன். பிரேக் கம்பி மெத்தை உறையைக் கிழித்தது. கிழிசல் வழியாக நான் பஞ்சுக்குள் போனேனா, பஞ்சு எனக்குள் வந்ததா என்று இன்றுவரை தெளிவில்லை.

"ஐயையோ, மெத்த பூட்ச்சே!" என்று பாய் ஓடிவந்தார்.

கவனியுங்கள், மெத்தை பூட்ச்சே. நான் அல்ல.

ஜீப் அருகே நின்ற மாப்பிள்ளையின் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா பாய் இது? கிழிஞ்ச மெத்தைய பொண்ணு வூட்டு ஜனங்க முன்னாடி எப்பிடி இறக்கறது? மலை மேல பந்தல் போட்டுக்கினு காத்துக்கினு இருக்காங்க."

"வேற தரேன், நீங்க கவலப்படாதீங்க" என்று பாய், கடைக்குள் காட்சிக்கு வைத்திருந்த, தொடக்கூட யாரையும் விடாத மெத்தையைத் தூக்கிவந்து ஜீப்பில் ஏற்றினார். அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ரோட்ட பாத்து வர மாட்டியா?"

"நான் என் பாதையில் வந்தேன்! உங்கள் மெத்தைதான் அதில் இருந்தது!" என்றேன், வாயிலிருந்து பஞ்சைத் துப்பிக்கொண்டே. நேரமாகிவிட்டதால் சண்டையை அங்கேயே நிறுத்திவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடினேன்.

கறுப்புக் கோட்டில் இலவம்பஞ்சு ஒட்டினால் தட்டத் தட்ட அதிகமாகும் என்று சட்டக்கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. என்னைக் கூப்பிட்டபோது நான் பாதி உரித்த கோழி மாதிரி இருந்தேன்.

"கனம் நீதிபதி அவர்களே! எங்கள் சீனியருக்கு உடல்நலம் சரியில்லாத காரணத்தால், வாய்... வாய்... ஹச்!"

மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி ஹச். கோர்ட் முழுக்கப் பஞ்சு பறந்தது. எதிர்க்கட்சி வக்கீல் தன் கண்ணாடியிலிருந்து ஒன்றை எடுத்து மேலும் கீழும் பார்த்தார்.

"வாய்தா கொடுத்தாச்சும்மா, நீங்க வெளியே போய்க் கோட்டைத் துடைங்க" என்றார் நீதிபதி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லா வரிசையும்.

அந்தச் சிரிப்புக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்று அன்று சாயங்காலமே முடிவு செய்தேன். மேடத்திடம் சொல்லவில்லை. என் பெயரில், புது ரப்பர் ஸ்டாம்பு குத்தி, ஜமால் பாய்க்கு நோட்டீஸ் தட்டினேன். மூன்று பக்கம். "பொதுமக்களின் சைக்கிள் பாதையைச் சட்டவிரோதமாக ஆக்கிரமித்து", "உயிருக்கு ஆபத்து விளைவித்து", "தொழில்ரீதியான கௌரவத்துக்கு ஈடுசெய்ய இயலாத இழுக்கு" என்று எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தைகளை எல்லாம் அதில் இறக்கினேன். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்காம் நாள் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம்.

"மேடம், இருபது வருஷமா உங்களுக்கு மெத்த தெச்சிக் குடுக்கறேன். எந்தப் பொண்ணோ எனக்கு நோட்டீசு வுட்டுகீது. நீங்கதான் இன்னான்னு பாக்கணும்."

நான் ஒரு கேஸ் கட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். (தலைகீழாக. அது பிறகுதான் தெரிந்தது.)

மேடம் மூன்று பக்கத்தையும் படித்தார். கடைசிப் பக்கத்தில் ஸ்டாம்பைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "செல்வி, கட்டைக் கீழே இறக்கு."

இறக்கினேன்.

"இந்தப் பொண்ணுதான்!" என்று பாய் எழுந்தே விட்டார்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். திருக்கோவிலூருக்கு எந்த பஸ் என்றுகூட யோசித்தேன். மேடமோ ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "நான் உங்க ரெண்டு பேர்ல யாருக்கும் வக்கீலா நிக்க முடியாது. பாய், உங்க பதிலை நீங்களே சொல்லுங்க. செல்வி எழுதட்டும். நடந்தது அவளுக்குத்தானே நல்லா தெரியும்?"

ஆக, எனக்கு எதிரான பதிலை நானே எழுத உட்கார்ந்தேன்.

"எழுதும்மா. என் மெத்த அங்க இருந்தது நெசம்."

'மெத்தை அவ்விடத்தில் இருந்தது ஒப்புக்கொள்ளப்படுகிறது' என்று எழுதினேன்.

"ஆனா அந்த மெத்த இல்லன்னா, நீ நேரா என் கடைப் படியில போய் முட்டியிருப்ப. கருங்கல்லு. மண்ட ரெண்டாப் பொளந்திருக்கும். ஒரு கீறலு இருக்குதா உனுக்கு?"

'நோட்டீஸ் அனுப்பியவருக்குக் காயம் ஏதுமில்லை' என்று எழுதினேன், முழங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு.

"அப்புறம், நீ ஒத்தக் கையில ஓட்டிக்கினு, இன்னொரு கைய மேல தூக்கி சாமிகிட்ட பேசிக்கினு வந்த. டீக்கடையில ஏழு பேரு பாத்தாங்க."

"சாமிகிட்ட இல்லை, நீதிபதிகிட்ட" என்றேன்.

"அத்தயும் எழுது" என்றார் மேடம்.

எழுதி முடித்து உரக்கப் படித்தேன். என் நோட்டீஸைவிட அது நன்றாக இருந்தது. பாய் வெற்றிச் சிரிப்போடு சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போது மேடம் கேட்டார், "பாய், கடையில கட்டிலும் விக்கிறீங்கல்ல?"

"ஆமா மேடம். இரும்புக் கட்டிலு, பீரோ, எல்லாம்."

"அதெல்லாம் வண்டி வர்ற வரைக்கும் எங்க வெப்பீங்க?"

சாய்ந்திருந்த பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணு ஸ்கூலுக்கு எதுல போவுது?"

"சைக்கிள்ல" என்றார், மெதுவாக. மேசையிலிருந்த நோட்டீஸை எடுத்து நாலாக மடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இனிமே கோட்டுக்கு உள்ள ஒண்ணும் வெக்க மாட்டேம்மா. நீ வேணா எழுதிக்க, கையெழுத்துப் போடறேன்."

போட்டார். நானும் நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். மெத்தை கிழிந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அதை மட்டும் எழுத்தில் தரவில்லை. (அந்த அளவுக்கு வக்கீலாகியிருந்தேன்.)

பாய் சொன்ன சொல் தவறவில்லை. மறுவாரம் போனபோது அவர் கடை எதிரே சைக்கிள் படம் முழுசாகத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கடைக்கு மேலே புது போர்டு: 'வக்கீல் அம்மாவே விழுந்தும் கீறல் இல்லை! ஜமால் மெத்தை.'

"பாதையில வெக்கலம்மா. மேலதான் மாட்டிகீறேன்" என்றார் பாய், சிரித்தபடி.

எந்தச் சட்டத்தில் அதைக் கழற்றச் சொல்லலாம் என்று ஒரு வாரம் புத்தகம் புரட்டினேன். பெயர் போடவில்லை. எழுதியதில் பொய்யும் இல்லை. விட்டுவிட்டேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் டீக்கடையில் வழி கேட்டபோது, "மெத்தையில வுழுந்த வக்கீலா?" என்று கேட்டுத்தான் வழி காட்டியிருக்கிறார்கள். அப்படியும் என் கணவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இன்றும் யார் எதில் இடித்துக்கொண்டாலும் "நோட்டீஸ் வுட்டாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். போன மாதம் நான் வீட்டு நடைவழியில் அடுக்கி வைத்திருந்த கேஸ் கட்டுகள் தடுக்கி என் கணவர் விழுந்தார். காலையில் என் காபி டம்ளருக்குக் கீழே, மகளின் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள் இருந்தது. 'என் கட்சிக்காரராகிய அப்பா நடந்து செல்லும் பாதையைத் தாங்கள் சட்டவிரோதமாக ஆக்கிரமித்து...'

பதில் நோட்டீஸ் எழுதப் பேனாவை எடுத்தேன். அவர் விழுந்த இடத்தில் மெத்தை எதுவும் இல்லாததால் எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. எழுந்துபோய்க் கட்டுகளை எல்லாம் அலமாரியில் அடுக்கினேன்.