எதிர்வீட்டுக்கு விழுந்த சீட்டு

அன்புள்ள பேத்திக்குப் பாட்டி எழுதுவது. நீ நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். என் நலத்தை நீ கேட்கவில்லை என்பதால் அதை எழுதவில்லை.

அன்றைக்கு எதிர்வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நீ, எடை பார்க்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வந்த கண்ணாடிக்காரத் தம்பி, எதிர்வீட்டுக்காரி, வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அவள் மருமகன், கூப்பிடாமலே போய் நாற்காலியில் உட்கார்ந்த நான். இல்லை என்று யாராவது சொன்னால், யார் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்பதையும் சொல்வேன்.

யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை, ஏன் என்று கணக்குப் பார்ப்பது உன் வேலை. டாக்டருக்குப் படித்தவள் ஊசி போடாமல் வீடு வீடாக ஏன் எண்ணிக்கொண்டு திரிகிறாள் என்று கேட்டவர்களின் வாயை அடைத்தது நான்தான், நினைவிருக்கட்டும். அந்த வேலைக்காக நீ நம் தெருவுக்கே வருகிறாய் என்றதும் தலைகாணி உறை முதல் மாற்றி வைத்தேன். நீயோ நேரே எதிர்வீட்டுக்குள் போகிறாய்! கேட்டால் கம்ப்யூட்டர் குலுக்கியதாம், சீட்டு அங்கே விழுந்ததாம். ஒரே தண்ணி, ஒரே கொசு, நடுவில் ஒரு ரோடுதானே, அதைத் தாண்டி விழக் கூடாதா? அதுவும் யாருக்கு? என் குக்கர் வெயிட்டை இரவல் வாங்கிப் போய், உன் அப்பன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து திருப்பித் தராதவளுக்கு! "அவளுக்குப் பதிலா என்னை எழுதிக்கோயேன்"னு கெஞ்சாத குறையா கேட்டேன். "ஆளை மாத்தினா கணக்கே பொய்யாயிடும் பாட்டி"ன்னுட்டே. சரி, பேசாமல்தான் உட்கார்ந்திருந்தேன். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலிக்குதா, பசி எடுக்குதா, பேச்சுத் துணைக்கு யாராவது இருக்காங்களான்னு ஒவ்வொண்ணா கேக்கறே, எனக்கு இங்கே வயிறு எரியுது. ராத்திரி தூக்கம் எப்படின்னு கேட்டதும் அவ, "படுத்தா விடிஞ்சுதான் எழுந்திருப்பேன்"னா. "பொய்! ராத்திரி பூரா இவ ரூம்ல லைட்டு எரியுது"ன்னேன். "என் வீட்டு லைட்டு எரிஞ்சா உனக்கென்னடி?"ன்னு அவ கத்த, தம்பி எழுதினதை அடிக்க, மருமகன் என்னை முறைக்க, நீ சொன்னியே ஒரு வார்த்தை: "கொஞ்சம் வெளியில உட்காருங்க." பிறந்ததிலிருந்து என்னை 'நீ'ன்னு கூப்பிட்டவ, அங்கே 'உட்காருங்க'ங்கறே! வெளியில ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தேன். நீ உள்ளே கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் செவுத்துக்குப் பதில் சொல்லிட்டிருந்தேன். வேலை முடிஞ்சு, "வண்டி நிக்குது பாட்டி, வரேன்"னு போயிட்டே. அந்தத் தலைகாணியில் இன்னும் யாரும் தலை வைக்கவில்லை.

அவ்வளவு படிச்சிருக்கே, அவ ரூம்ல ராத்திரி பூரா லைட்டு எரியறது எனக்கு எப்படித் தெரியும்னு உனக்குக் கேக்கத் தோணலையே.

போகட்டும். இனிமேல் நீ வர வேண்டாம், கேட்கவும் வேண்டாம். நீ எண்ணுகிற ஜனங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்; அப்போதாவது உனக்கு லீவு கிடைக்கும். கண்ணாடிக்காரத் தம்பிக்கு என் ஆசி. அவன் மட்டும்தான் போகும்போது தண்ணி வாங்கிக் குடித்தான்.

இப்படிக்கு,
சீட்டு விழாத வீட்டுப் பாட்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது எதிர்வீட்டுக்காரி ரோட்டைத் தாண்டி வந்தாள். குக்கர் வெயிட்டை மேஜைமேல் வைத்தாள். "பேத்தி கேக்கலை, கேக்கலைன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறியாமே. நான் கேக்கறேன், சொல்லு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முட்டியில் ஆரம்பித்து, நீ கேட்டதை எல்லாம் ஒன்று விடாமல் கேட்டாள். தூக்கத்துக்கு வந்ததும் அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தன் ரூம் ஜன்னலைப் பார்த்தாள்; நானும் அதைத்தான் பார்த்தேன். கடைசியில், பேச்சுத் துணைக்கு யாராவது இருக்காங்களா என்றாள். இருக்கு என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதனால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. நீ இப்போதே வா. நீ உன் வாயால் கேட்பாய் என்று நான் சேர்த்து வைத்திருந்த பதிலை எல்லாம் ஒரே சாயங்காலத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டாளே, அவளை மட்டும் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன், அந்த எதிர்வீட்டுக்காரியை.