என் பெயரில் என் மனைவி சந்தோஷமாக இருந்த கதை

நாளை முதல் நானே சந்தோஷமாக இருந்துகொள்வது என்று முடிவெடுத்தேன். அதுவரை எனக்குப் பதிலாக என் மனைவி ஜெபசீலி சந்தோஷமாக இருந்துகொண்டிருந்தாள்.

குழம்ப வேண்டாம். விவரமாகச் சொல்கிறேன்.

என் பெயர் மைக்கேல்ராஜ். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பாகத்தைக் கையில் எடுப்பேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். ‘ரிஜெக்ட்’ என்பேன். குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிற ஆசாமி. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவருகிறேன் என்பது ஜெபசீலியின் புகார். சாம்பாரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேனாம்.

எங்கள் கம்பெனிக்குத் திடீரென்று தொழிலாளர்களின் மனநலத்தில் அக்கறை பிறந்தது. ஆன்லைனில் நேர்மறை உளவியல் பயிற்சி என்று அறிவித்தார்கள். எல்லாரும் கட்டாயம் சந்தோஷமாக இருந்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் மெமோ. வகுப்பு காலையில். எனக்கோ பி ஷிப்ட். மதியம் போய் நடு இரவில் வீடு திரும்புகிறவன், காலையில் தூங்குவானா, நன்றியுணர்வை வளர்த்துக்கொண்டிருப்பானா?

நல்லவேளையாக வகுப்பில் முகம் காட்டவேண்டாம், பேசவும் வேண்டாம். கேட்ட கேள்விக்குப் பதிலை டைப் செய்து அனுப்பினால் போதும். என் பெயரையும் டோக்கன் நம்பரையும் போட்டு, போனை ஜெபசீலியின் கையில் கொடுத்தேன்.

“என் பேர்ல நீயே உக்காந்துக்க. எதையாவது நல்லதா எழுதி அனுப்பிடு.”

“நல்லதான்னா எப்படி?”

“படிக்கிறவன் ‘ஆகா, இவனல்லவா மனுஷன்’னு சொல்லணும்.”

“உங்களப் பாத்தா?”

“என்னப் பாத்துத்தான்.”

“கஷ்டம்தான். முயற்சி பண்றேன்,” என்றாள்.

வகுப்பை நடத்துகிறவர் பெயர் டெல்வின். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பேசுவார். போனில் அவர் முகமும் வராது, குரல் மட்டும்தான். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு அடுப்படி, ஹாலின் நடுவில் ஒரு துணித்திரை. திரைக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருப்பேன். அந்தப் பக்கமிருந்து டெல்வின் குரல் வரும். சும்மா சொல்லக்கூடாது, வெண்ணெய் மாதிரி குரல்.

“மெதுவா மூச்சை உள்ள இழுங்க... உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச முகத்தை மனசுல கொண்டுவாங்க... அப்படியே ஒரு புன்னகை...”

திரையை விலக்கிப் பார்த்தேன். ஜெபசீலி கண்ணை மூடிக்கொண்டு புன்னகை செய்துகொண்டிருந்தாள். எந்த முகமோ? என் முகம் திரையிடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் திசையில் அவள் திரும்பவே இல்லை.

எனக்குப் பொறாமை. இதில் மறைக்க என்ன இருக்கிறது? கல்யாணமான புதிதில் நான் சொன்ன அசட்டு ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவள் இவள். இப்போதெல்லாம் நான் ஜோக் சொல்லி முடித்ததும், “பால் பாக்கெட் எடுத்தீங்களா?” என்று கேட்பாள். அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தேன். பெங்களூர் போயிருக்கிறது!

அடுத்து, சாப்பாட்டு நேரத்திலும் அவர் வந்து உட்கார ஆரம்பித்தார்.

“குழம்புல உப்பு தூக்கலா இருக்கே?”

“குறைய விட்டுட்டு நிறையப் பாக்கணுமாம். டெல்வின் சார் சொன்னாரு.”

“உப்புதான் நிறைய இருக்கு. அதைத்தான் பாக்கறேன்.”

“பேசறவங்க முகத்தப் பாத்துப் பேசணுமாம். டெல்வின் சார் சொன்னாரு.”

“உன் டெல்வின் சார் முகத்தை நீ பாத்திருக்கியா?”

“முகமா முக்கியம்?” என்றாள். அந்தப் பதில் உப்பைவிடத் தூக்கலாக இருந்தது.

பக்கத்து வீட்டு கங்கப்பனிடம் போனேன். எங்கள் கம்பெனிதான், டிஸ்பாட்ச் பிரிவு. வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு.

“உங்க கிளாஸ் எப்படிப் போவுதுண்ணே?”

“எந்தக் கேள்வி கேட்டாலும் ‘சூப்பர்’னு எழுதிடுவேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினே முடிச்சிடுவேன். உன்து?”

“ஜெபசீலிதான் எனக்குப் பதிலா உக்கார்றா.”

கங்கப்பன் வாயிலிருந்த வேப்பங்குச்சியை வெளியே எடுத்தார். “அய்யோ தேவரே! அந்தக் குரலுக்கு முன்னால ஊட்டுக்காரம்மாவ உக்கார வெச்சியா மாராயா? நானு ஒரே ஒரு நாள் ஸ்பீக்கர்ல போட்டேன். எங்க ஊட்டம்மா அடுப்ப அணைச்சிட்டு வந்து பக்கத்துல உக்காந்துட்டா. அன்னையிலேருந்து காதுல மாட்டிக்கினுதான் கேக்கறேன்.”

“ஆளு பாக்க எப்படி இருப்பான்?”

“கவலப்படாத. குரலு இப்டி இருந்தா மூஞ்சி சுமாராத்தான் இருக்கும். ரெண்டையும் ஒருத்தனுக்கே கொடுக்க கடவுள் என்ன நம்ம எச்.ஆரா?”

கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இருந்தாலும் அந்தக் குரல் என் வீட்டுத் திரையைத் தாண்டி வரக்கூடாது என்று தீர்மானித்தேன். அப்போதுதான் நானே சந்தோஷமாக இருந்துகொள்ளும் அந்த முடிவு பிறந்தது.

“நாளைலேருந்து கிளாஸுக்கு நானே உக்கார்றேன்,” என்றேன்.

“தூக்கம்?”

“தூக்கமா பெருசு? மனநலம்தான் பெருசு.”

ஜெபசீலி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். போனை நீட்டினாள். “சரிங்க. ஆனா நான் எழுதின மாதிரியே எழுதுங்க. இல்லாட்டி சந்தேகம் வந்துடும்.”

“எப்படி எழுதின?”

“அதெல்லாம் சொல்லித் தர முடியுமா? மனசுலேருந்து வரணும்,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மனசிலிருந்தே எழுதினேன். காலையில் கண்ணெரிச்சலோடு உட்கார்ந்தவன் மனசில் என்ன இருக்குமோ அது வந்தது.

“இன்னைக்குக் காலையிலேருந்து உங்களை மகிழ வெச்ச விஷயம் எது?” என்றார் டெல்வின்.

‘எதுவும் இல்லை,’ என்று டைப் செய்தேன்.

“யாருக்கு நன்றி சொல்ல விரும்பறீங்க?”

‘யாருக்கும் இல்லை.’

“இப்ப உங்க மனசுல ஓடற உணர்வு என்ன?”

‘எரிச்சல்.’

“மைக்கேல்ராஜ், மனம் திறந்து எழுதினதுக்கு நன்றி. யார் மேல எரிச்சல்?”

‘உங்கள் மேல்.’

ஒரு வாரம் இப்படி நான் சந்தோஷமாக இருந்தேன். வாரக் கடைசியில் எச்.ஆர். மேடத்திடமிருந்து போன் வந்தது. அந்த அம்மாவின் குரலில் அத்தனை பரிவை நான் கேட்டதே இல்லை. இன்கிரிமென்ட் கேட்டபோதுகூட இல்லை.

“மைக்கேல் சார், வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்காங்க மேடம்.”

“போன வாரம் வரைக்கும் நம்ம கம்பெனியிலேயே நீங்கதான் அதிக சந்தோஷமான ஆளு. இந்த வாரம் கடைசி ஆளு. பயப்படாதீங்க. டெல்வின் சாரே ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்து பேசறேன்னு சொல்லியிருக்காரு.”

“எங்க... எங்க வீட்டுக்கா? அவ்வளவு தூரம் எதுக்கு மேடம்?”

“அத்திப்பள்ளி தாண்டினா ஓசூர். என்ன தூரம்?”

குரலைத் தடுக்கப் போய் ஆளையே வரவழைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, வாசலில் கார் நின்றது. டெல்வின் இறங்கினார். தொழில் பழக்கம், தலை முதல் கால் வரை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஒரு சொட்டை இல்லை. தலையிலும் இல்லை. கடவுள் இரண்டையும் ஒருத்தனுக்கே கொடுத்திருந்தார்.

ஜெபசீலி டீ கொண்டுவந்தாள். எனக்கு எவர்சில்வர் டம்ளர். அவருக்கு, கல்யாணத்தில் பரிசாக வந்து இதுவரை பெட்டியைவிட்டு வெளியே வராத பீங்கான் கோப்பை.

“மைக்கேல் சார், எத்தனையோ கம்பெனிக்கு கிளாஸ் எடுக்கறேன். உங்க பதில் மாதிரி எங்கயும் படிச்சதில்ல. மத்த ஊர் கிளாஸ்லகூட வாசிச்சுக் காட்டியிருக்கேன்,” என்றார் டெல்வின்.

“அப்படியா?” என்றேன். எந்தப் பதில் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“ஞாயித்துக்கிழமை மீன் கழுவும்போதுதான் உங்க மனசு அமைதியாகுதுன்னு எழுதினீங்களே, அடடா!”

டீ புரையேறியது.

“ஒகேனக்கல் தண்ணி வர்ற அன்னைக்கு, மனைவி எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே குடமெல்லாம் பிடிச்சு வைக்கறது ஒரு ஜெபம் மாதிரின்னு எழுதினீங்க.”

“எழு... தினேன்.”

“நாகரசம்பட்டியில இருக்கற மாமியார்கிட்ட போன்ல பேசாட்டி அன்னைக்கு நாளே ஓடாதுன்னு எழுதினீங்க.”

ஜெபசீலியைப் பார்த்தேன். அவள் பிஸ்கட் தட்டை அவர் பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் நான் எழுதவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், எழுதினது யார் என்று கேட்பார். ஆள் மாறாட்டம் என்று தெரிந்தால் எங்கள் கம்பெனியில் மெமோவெல்லாம் கிடையாது, நேராக கேட்டுக்கு வெளியேதான். வாயை மூடிக்கொண்டு மூன்றையும் நானே எழுதியவனானேன்.

“இதெல்லாம் எப்ப மேடம் நின்னுச்சு?” என்று டெல்வின் அவள் பக்கம் திரும்பினார்.

“போன வாரத்துலேருந்துதான் சார்.” ஜெபசீலியின் குரல் உடைந்தது. அவ்வளவு அழகாக அது உடைந்து நான் கேட்டதில்லை. “தண்ணி வந்த அன்னைக்குப் போர்வைய இழுத்து மூடிக்கிட்டாரு. எங்கம்மா போன் பண்ணா, ‘நான் இல்லேன்னு சொல்லு’ங்கறாரு. பாத்திரத்துப் பக்கம் தலை வெச்சுப் படுக்கறதில்ல. எங்க வீட்டுக்காரரு இப்படிப்பட்ட ஆளே இல்ல சார்!”

“வருத்தப்படாதீங்க. சிலருக்கு மனசு சோர்ந்துட்டா பிடிச்ச காரியம்கூடப் பிடிக்காமப் போயிடும். சாப்பாட்டுல குறை சொல்றாரா?”

“நேத்துகூடச் சொன்னாரு.”

“காரணமில்லாம யாரையாவது நினைச்சுப் பொறாமை?”

ஜெபசீலி என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். “அது கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கு சார்.”

அடிப்பாவி, எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது!

“அவருக்குப் பிடிச்சதை மறுபடி மெதுவா செய்ய வைக்கணும். அதுதான் வழி. இப்பவே ஆரம்பிக்கலாமே. வீட்டுல மீன் இருக்கா?”

“காலையிலேயே வாங்கி வெச்சிட்டேன் சார். கே.ஆர்.பி. அணை ஜிலேபி மீன். இன்னும் செதில்கூட எடுக்கல.”

அடுப்படியில் நான் செதில் எடுத்தேன். மீன் வழுக்கியது. பிடித்தேன். மறுபடி வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. மூக்கில் ஒரு செதில், காதில் ஒரு செதில். ஹாலிலிருந்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் வந்தது. ஒன்று வெண்ணெய்ச் சிரிப்பு. இன்னொன்று, நான் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த சிரிப்பு.

ஜன்னலில் கங்கப்பன் தலை தெரிந்தது.

“வந்துட்டானா? மூஞ்சி எப்டி?”

“நல்லா இருக்கான்ணே.”

“குரலு?”

“நேர்ல இன்னும் நல்லா இருக்கு.”

“பாவம்ப்பா நீ,” என்று அவரே ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் கையில் மீனோடு ஹாலுக்குப் பாய்ந்தேன்.

“மீனு, தண்ணி, மாமியாரு! எதுக்கு இப்படியெல்லாம் எழுதின?”

“நல்லதா எழுதச் சொன்னது நீங்கதான? உங்ககிட்ட இருக்கறத எழுதினா நல்லாவா இருக்கும்?”

“அது இருக்கட்டும். அந்தாளுகூட உக்காந்து என்ன அப்படி ஒரு சிரிப்பு?”

“நீங்க மீன்கூட மல்லுக்கு நின்னதப் பாத்துத்தான் சிரிச்சேன்.” என் காதிலிருந்த செதிலை எடுத்துப் போட்டாள். “என்னா பண்றது, இன்னைக்குப் பாக்க நல்லா இருந்தீங்க.”

கோபம் பாதி இறங்கிவிட்டது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் ரெண்டு கிலோ கழுவியிருப்பேன். சரி, கொஞ்ச நாள் குடம் பிடிப்போம், மாமியாரிடம் பேசுவோம். சீக்கிரம் குணமாகிவிட்டால் டெல்வினுக்கு இந்த வீட்டில் என்ன வேலை? இப்படி நானே எனக்கு நேர்மறையாக எடுத்துச் சொல்லிக்கொண்டேன்.

“சரி, எனக்குக் குணமாயிடுச்சான்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“நான் சொல்லுவேன். தினமும் காலையில எனக்குப் போன் பண்ணி, உங்களப் பத்தி விசாரிக்கறேன்னிருக்காரு.”

“தினமுமா? சரி, நானும் பக்கத்துல உக்காந்து கேக்கறேன்.”

“கூடாதாங்க. நாங்க பேசி முடிக்கற வரைக்கும் நோயாளி வெளியில நிக்கணுமாம்.”