மாத்தளையில் கடல்

வெள்ளிக்கிழமை காலை. ரொட்டியைக் கட்டச் சம்பலில் தொட்ட கையோடு நுஹ்மான் ஹாஜியார் பிரகடனம் செய்தார்.

"ஞாயித்துக்கெழம நான் ஒன்ட நானாட வீட்டுக்கு வர மாட்டேன். வரலாறு பாக்கப் போறேன்."

"வர ஆறு மணியாகுமா?" என்றாள் றமீஸா.

"வரலாறுடி! ஊர்ச் சரித்திரம். பழைய மாத்தளைய நடந்து பாக்கப் போறேன்."

றமீஸா தேநீர் ஆற்றுவதை நிறுத்தினாள். ஐம்பத்தெட்டு வருஷமாக மாத்தளையிலேயே குடியிருக்கும் மனிதர் மாத்தளை பார்க்கக் கிளம்பினால் யாருக்கும் கை நிற்கத்தான் செய்யும்.

விஷயம் இதுதான். ஹாஜியாருக்கு ஊரில் மூன்று வழிகள் தெரியும். வீட்டிலிருந்து தன் ஹார்ட்வெயார் கடைக்கு. கடையிலிருந்து பள்ளிவாசலுக்கு. பள்ளியிலிருந்து வீட்டுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன் நாலாவது வழி ஒன்றைத் துணிந்து தொட்டார். றமீஸாவின் நானா, அதாவது அண்ணன், அக்ரமுடைய மகனுக்குக் கல்யாணம். "எனக்குப் பின்னால வாங்க" என்று மோட்டார் சைக்கிளில் முன்னால் போய், கல்யாணத்துக்கு வந்த இரண்டு வேன் ஆட்களையும் நேரே மையத்து கிடந்த ஒரு சாவு வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அவர்கள் துஆ ஓதி, கண்ணைத் துடைத்து, இஞ்சிக் கோப்பியும் குடித்த பிறகுதான் மாப்பிள்ளை எங்கே என்று விசாரித்தார்கள்.

"மச்சான் மாத்தளையில பொறந்தாரு. இன்னும் மாத்தளைக்கு வந்து சேரல்ல" என்றார் அக்ரம், நிறைந்த சபையில்.

சபை சிரித்தது. ஹாஜியார் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை மிதிக்கவுமில்லை.

இப்போது அக்ரமின் மகள் றுக்ஸானாவுக்கு நாள் குறிக்க அக்குறணையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு காலை வருகிறார்கள். 'மாமா வராட்டி எனக்கு இந்தக் கல்யாணமே வாணாம்' என்று பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கிடக்கிறாள். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் ஹாஜியார். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே! வீட்டில் இருந்தால் மனம் இளகிவிடும். அதனால்தான் இந்தச் சரித்திர யாத்திரை.

"ஆர் வழி காட்டுவாங்க?" என்று கேட்டாள் றமீஸா.

"ஆரும் தேவல்ல. நானே எனக்கு வழிகாட்டி. இஞ்ச பாரு!"

கடைக்குப் பூட்டு வாங்க வந்த வெள்ளைக்காரன் மேசையில் மறந்துவிட்டுப் போன மடிப்புத்தாள் அது. பழைய கட்டடங்களின் படம், வளைந்து வளைந்து ஒரு கோடு, கோட்டின் மேல் இலக்கங்கள். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஹாஜியாரின் இங்கிலீஷ் ஆணி, நட்டு, போல்ட்டோடு முடிந்துவிடும். றமீஸா ஓய்வு பெற்ற இங்கிலீஷ் டீச்சர்.

"நீ இத வாசிச்சு, தமிழ்ல வொய்ஸ் போட்டுத் தா. நான் காதுல மாட்டிட்டு நடப்பேன்."

றமீஸா தாளை வாங்கினாள். மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

சண்டைக்கு வரிந்து கட்டியிருந்த ஹாஜியாருக்கு அந்த 'சரி' பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது. முப்பது வருஷத்தில் அவள் முதல் தடவையிலேயே சரி சொன்னதாக அவருக்கு ஞாபகமில்லை.

ஞாயிறு காலை றமீஸா நானா வீட்டுக்குப் போனாள். ஹாஜியார் தொப்பி, குடை, தண்ணீர்ப் போத்தலோடு ஆட்டோ பிடித்து ரயில் நிலையத்தில் போய் நின்று, காதில் கருவியைச் செருகி, போனில் முதல் வொய்ஸை அமத்திக் கேட்டார்.

"இது ரயில்வே ஸ்டேஷன். இதுக்கு மேல ரயில் போகாது. நீங்க போங்க."

போனார்.

இரண்டாவது: "நேரா நடங்க. வடைக் கடை ஒன்னு வரும். அது சரித்திரம் இல்ல. வாயில ஈக்கிறத முழுங்கிட்டு நடங்க."

ஹாஜியார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். தெருவில் றமீஸா இல்லை. வாயில் வடை இருந்தது.

மூன்றாவது: "நல்லாப் பாருங்க. ஒல்லாந்தர் கறுவா அடுக்கி வச்ச கட்டடம் இதுதான்."

எதிரே இருந்தது போன் கடை. கண்ணாடிக் கதவு, நாலு நிற விளக்கு. "பூசி மறைச்சிட்டானுகளே!" என்று ஹாஜியார் ஒல்லாந்தருக்காக வருத்தப்பட்டார்.

நாலாவது: "இடது பக்கம் மதில்ல ஏறுங்க. மெதுவா. முன்னுக்குப் பாத்தா கடல் தெரியும்."

ஹாஜியார் ஏறினார். முன்னால் மலை. பின்னால் மலை. இரு பக்கமும் மலை. கையை நெற்றியில் வைத்து, குதிகாலை உயர்த்திப் பார்த்தார்.

கீழே ஆட்டோ ஸ்டாண்டில் செல்லச்சாமி என்ற டிரைவர் பத்திரிகையை மடித்துவிட்டு எழுந்தார்.

"மொதலாளி, என்னாங்க தேடுறீங்க?"

"கடல்."

செல்லச்சாமி நாலு பக்கத்து மலையையும் ஒரு தடவை பார்த்தார். "கடல் வேணும்னா திருகோணமலை பஸ்ஸு ஏறணுங்க. ஏத்தி விடவா?"

"ஒனக்கு வெளங்காது. இது அந்தக் காலத்துக் கடல். வத்திப் போயிருக்கும்," என்று சொல்லி இறங்கினார் ஹாஜியார்.

ஐந்தாவதுதான் ஆளைச் சுற்றவிட்டது. "சோத்துக் கைப் பக்கம் திரும்புங்க. ஒழுங்கை முடிஞ்சதும் சோத்துக் கைப் பக்கம். பொறகும் சோத்துக் கைப் பக்கம். பொறகும் அதே பக்கம். இந்த வொய்ஸ மூணு தரம் போடுங்க. சரித்திரத்த ஒரு தரத்துல புடிக்க ஏலாது."

முதல் சுற்று முடிந்து செல்லச்சாமியின் முன்னால் வந்தார். "என்னாங்க, கெடச்சிச்சா?" இரண்டாவது சுற்றில் செல்லச்சாமி கதிரை போட்டுக் கொடுத்தார். மூன்றாவது சுற்றில், "வீட்டு நம்பரு சொல்லுங்க மொதலாளி, நான் கொண்டுபோய் விட்டுடுறேன், சல்லி வாணாம்" என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டு ஆறாவதை அமத்தினார் ஹாஜியார்.

"கடைசி எடம். பச்சை கேட். இருநூறு வருஷத்து வீடு. உள்ளுக்குப் போய்ப் பாக்க எல்லாருக்கும் அனுமதி உண்டு. செருப்பக் கழட்டுங்க. கால்மொகம் கழுவுங்க. சட்டப் பொத்தானப் போடுங்க. திரைச்சீலைய வெலக்கிட்டு உள்ளுக்குப் போங்க."

இருநூறு வருஷத்து வீட்டின் பின்கட்டில் புத்தம் புதிய குளிர்சாதனப் பெட்டி நின்றது. நெய்ச்சோறு மணத்தது. "சரித்திரத்த நல்லாப் பராமரிக்கிறாங்க" என்று மெச்சியபடி திரைச்சீலையை விலக்கினார்.

உள்ளே தொப்பியணிந்த பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் எழும்பினார்கள். நடுவில் அக்ரம்.

ஹாஜியார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு விளங்கிவிட்டது. "ஓஹோ, நீயும் நடந்து பாக்க வந்தியா?" என்றார்.

"மச்சான்," என்றார் அக்ரம், "இது என்ட வீடு."

"பச்சை கேட்டு?"

"பின் கேட்டு. நீங்க எப்பவும் முன்பக்கத்தாலதானே வருவீங்க."

ஹாஜியார் திரும்பி ஓடியிருப்பார். அதற்குள் வெண்தாடிப் பெரியவர் ஒருவர், மாப்பிள்ளையின் வாப்பா, சலாம் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அந்த மாமா? ஒங்கள வச்சுத்தான் நாள் குறிக்கணும் எண்டு மகள் சொல்லிட்டாவாம். காத்துக்கிட்டு ஈக்கிறோம்."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. "மாமா வந்துட்டாரா உம்மா?"

அக்ரம் பக்கத்தில் வந்தார். "அண்டைக்கி நான் சொன்னது பெரிய பிழை மச்சான். மன்னிச்சிடுங்க."

ஹாஜியாருக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபமாக வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. கடைசியில் மச்சானைக் கட்டிப்பிடித்தார். நாள் குறித்தாயிற்று. கூடியிருந்து சாப்பிடும் பெருந்தட்டமான சகன் வந்தது. நெய்ச்சோற்றின் தெம்பில், ஒல்லாந்தர் கறுவாவையும் மாத்தளைக் கடலையும் பற்றி அக்குறணைக்காரர்களுக்கு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். சம்பந்தி வீடாயிற்றே!

கை கழுவும் இடத்தில் றமீஸாவைத் தனியாகப் பிடித்தார்.

"உண்மையச் சொல்லு. இந்த வீடு அந்தத் தாள்ல ஈக்கா?"

"இல்ல."

"அந்தக் கறுவாக் கட்டடம்? கடல்?"

"அது ஈக்கி. தெக்குல கடலோரம் ஈக்கிற காலிக் கோட்டையில. அந்தத் தாள்ல மாத்தளைட பேரே இல்லீங்க."

ஹாஜியார் குழாயை மூட மறந்து நின்றார். தண்ணீர் ஓடியது.

"அப்ப காலையிலருந்து நான் வேர்த்து வேர்த்துப் பாத்த சரித்திரம்?"

றமீஸா குழாயை மூடி, துவாயை நீட்டினாள்.

"நானாட வீட்டுப் பின்மதில். மூணு ரவுண்டு."